முதலிடம் யாருக்கு?

புனேயிலிருந்து அகமதுநகர் சாலையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போனால் ரஞ்சன்காவ். அஷ்டவிநாயகர் கோவில்களில் ஒன்றான மகாகணபதி கோவிலும் பெரிய தொழிற்பேட்டையும் உள்ள ஊர். இந்த ஊரைப் போன்ற தக்காணத்துச் சிற்றூர்களுக்கு 1950-களில் சினிமாப் பாட்டு கொழும்பிலிருந்து வந்தது. 'எந்தப் பாட்டு முதலிடம்' என்ற தீர்ப்பும் அங்கிருந்துதான் வந்தது.

1952-இல் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. அகில இந்திய வானொலியில் அது அருகிப்போனது. அந்த இடைவெளியில் புகுந்தது இலங்கை வானொலி. அதே ஆண்டு டிசம்பர் 3, புதன்கிழமை இரவு, பினாகா பற்பசை நிறுவனத்தின் ஆதரவில் 'பினாகா கீத்மாலா' என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. பம்பாயில் பதிவு செய்து கொழும்புக்கு அனுப்பிவைப்பார்கள். அறிவிப்பாளர் அமீன் சயானிக்கு அப்போது 20 வயதுகூட நிரம்பவில்லை. ஒரு நிகழ்ச்சிக்கு அவருக்குக் கிடைத்தது 25 ரூபாய்.

ஏழு பாட்டுகள், ஒரு போட்டி, 100 ரூபாய் பரிசு: தொடக்கத்தில் நிகழ்ச்சி அவ்வளவுதான். ஐம்பது கடிதம் வந்தால் பெரிது என்றிருந்தவர்களுக்கு முதல் ஒலிபரப்புக்கே 9,000 வந்தன. பிறகு வாரத்துக்கு 65,000 வரை போனது. மூட்டை மூட்டையாக வந்ததைப் பிரித்துப் படித்து மாளவில்லை. போட்டியைக் கைவிட்டு, பாட்டுகளை வரிசைப்படுத்தும் நிகழ்ச்சியாக மாற்றினார்கள்.

எதை வைத்து வரிசைப்படுத்துவது? இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கை வைத்துத்தான். காசு கொடுத்து வாங்கியவரின் ரசனையில் பொய் இருக்காது என்பது நியாயமான எண்ணமே. ஆனால் கணக்கு வேறு இடத்தில் உதைத்தது. நன்றாக ஓடிய பாட்டின் தட்டு கடையில் தீர்ந்துபோகும். அடுத்த சரக்கு வரும்வரை விற்பனை பூஜ்யம். ஊரே முணுமுணுக்கும் பாட்டு பட்டியலில் சரியும். பட்டியலில் ஏறினால் படத்துக்கும் லாபம் என்பதால், தங்கள் பாட்டுத் தட்டுகளைத் தாங்களே மொத்தமாக வாங்கும் ஆசையும் சிலருக்கு வந்துவிடும்.

அதற்குக் கண்ட மருந்துதான் இந்த வரலாற்றிலேயே அருமையான பகுதி. ஊர் ஊராக நேயர்கள் வானொலி மன்றங்கள் அமைத்தார்கள். ஒவ்வொரு மன்றமும் கூடிப் பேசி, வாராவாரம் தன் பட்டியலை அனுப்பியது. கடைக் கணக்கையும் மன்றக் கணக்கையும் சேர்த்தே இடம் முடிவானது. ஒரு பக்கம் பொய்த்தாலும் மறுபக்கம் பிடித்து நிறுத்தும். நெடுநாள் முன்னணியில் இருந்த பாட்டுக்கு மகுடம் சூட்டி விலக்கிவிடும் விதியும் இருந்தது. புதுப்பாட்டுக்கு வழிவிட அது உதவியது.

மன்றங்களும் குறையற்றவை அல்ல. இன்றைய ஜார்கண்டிலுள்ள மைக்கா சுரங்க ஊரான ஜும்ரி தலையாவிலிருந்து நேயர் விருப்ப நிகழ்ச்சிகளுக்குக் கடிதம் கொட்டியதில், அப்படி ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறதா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். போட்டியாளரின் கடிதம் போய்ச் சேராதபடி அஞ்சல் ஊழியரைக் 'கவனித்த' கதைகளும் அந்த ஊரில் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு கடிதத்திலும் ஊர்ப் பெயர் இருந்தது, அஞ்சல் முத்திரை இருந்தது. ஒரே ஊர் அதிகமாகச் சத்தம் போட்டால் உடனே தெரிந்துவிடும்.

பாட்டுக் கடை இணையத்துக்குப் போனபோது இந்தக் காவல் இல்லை. பிப்ரவரி 2012-இல் ஃபிளிப்கார்ட் 'ஃபிளைட்' என்ற இணையப் பாட்டுக் கடையைத் திறந்து, அடுத்த ஆண்டு ஜூனில் மூடியது. ஐடியூன்ஸ் கடை டிசம்பர் 2012-இல் இந்தியாவுக்கு வந்தது. இத்தகைய கடைகளில் தீர்ப்பு சொன்னவை, வாடிக்கையாளர்கள் போட்ட நட்சத்திரங்கள். ஐந்து நட்சத்திரம் போட்டவர் ரசிகரா, பாடகரின் உறவினரா, கூலிக்குப் போட்டவரா என்று பார்க்கிறவருக்குத் தெரிய வழியில்லை. பாட்டே கேட்காமல், பிடிக்காத நடிகருக்காக ஒற்றை நட்சத்திரம் போட்டாலும் அதுவும் கணக்கில் சேரும்.

பார்வைக் கணக்கிலும் இதே சிக்கல்தான். ஜூலை 2019-இல் ராப் பாடகர் பாட்ஷாவின் 'பாகல்' பாடல் யூடியூபில் 24 மணி நேரத்தில் 7.5 கோடி பார்வைகளைப் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. விளம்பரம் வழியாக வந்த பார்வைகளும் அதில் சேர்ந்திருந்ததால் பெரிய சர்ச்சை. அதே ஆண்டு செப்டம்பரில், காசு கொடுத்த விளம்பரப் பார்வைகளை இசைப் பட்டியலில் இனி எண்ணுவதில்லை என்று யூடியூப் அறிவித்தது. கீத்மாலா இரண்டு கணக்குகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தது. இன்றைய கடைகளிடம் யார் வாங்கினார், எத்தனை முறை கேட்டார், எந்த ஊர் என்ற விவரங்களெல்லாம் அதைவிட நுணுக்கமாக இருக்கின்றன. அவற்றை நட்சத்திரத்தோடு பொருத்திப் பார்த்து, முடிவை வாங்குபவருக்கும் காட்ட வேண்டும்.