பிக்சல்: மூத்த புள்ளியும் இளைய பெயரும்

கலைச்சொல் பட்டியல்களில் இடப்பக்கம் பிக்சல் இருக்கும். வலப்பக்கம் படப்புள்ளி அல்லது படவணு இருக்கும். இடப்பக்கச் சொல் மூலம், வலப்பக்கச் சொல் அதன் பெயர்ப்பு என்று படிப்பவர் மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. இந்த வரிசை வரலாற்றோடு பொருந்தவில்லை என்பதே என் வாதம். படத்தைப் புள்ளியாகவும் கூறாகவும் எண்ணிப் பெயரிட்ட சொற்கள் பிக்சலைவிடப் பல பத்தாண்டுகள் மூத்தவை. பிக்சல் அவற்றுள் ஒன்றின் சுருக்கம். ஆகவே தமிழ் எதைப் பெயர்க்க வேண்டும், அந்தச் சுருக்கத்தையா, அதற்கு அடியில் கிடக்கும் கருத்தையா என்பதை முதலில் தீர்த்தாக வேண்டும்.

பெயர் வைக்கும் தேவை தொலைக்காட்சியோடு பிறந்தது. 1884 இல் பெர்லினில் பவுல் நிப்கோ ஒரு சுழல்தட்டுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். தட்டில் சுருள் வரிசையாகத் துளைகள். தட்டு ஒரு முறை சுற்றினால் ஒவ்வொரு துளையும் காட்சியில் ஒரு கீற்றை வருடிச் செல்லும். அந்தக் கீற்றில் ஏறி இறங்கும் ஒளி மின்னோட்டமாகிக் கம்பியில் போகும். முழுப் படத்தையும் ஒருசேர அனுப்ப வழியில்லாததால் அதைச் சிறுசிறு துண்டாக்கி ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது என்ற எண்ணம் இது. அந்தத் துண்டை ஜெர்மானியர் பில்ட்புங்க்ட் என்றார்கள். பில்ட் என்றால் படம், புங்க்ட் என்றால் புள்ளி. 1920களின் கடைசியில் ஆங்கிலத் தொலைக்காட்சி எழுத்துகளில் பிக்சர் எலிமென்ட் என்ற தொடர் வழங்கியது. ஒரு மொழி புள்ளியைப் பார்த்தது, இன்னொன்று கூறைப் பார்த்தது. கணினி அப்போது இல்லை.

பிக்சல் அச்சில் வந்த ஆண்டு 1965. கலிபோர்னியாவில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் வேலை செய்த ஃபிரெட் பில்லிங்ஸ்லி, ரேஞ்சர், மாரினர் விண்கலங்கள் அனுப்பிய படங்களைச் செப்பனிடுவது குறித்து அவ்வாண்டு எழுதிய கட்டுரைகளில் அச்சொல்லைக் கையாண்டார். அதை உருவாக்கியவர் அவரல்ல. பாலோ ஆல்ட்டோவில் ஜெனரல் பிரிசிஷன் நிறுவனத்தின் லிங்க் பிரிவைச் சேர்ந்த கீத் மெக்ஃபார்லண்டிடம் கேட்டறிந்ததாகச் சொன்னார். அவரோ, அது ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த சொல் என்றார். சொல்லின் முற்பாதிக்கு ஆய்வகத்துக்கு வெளியே வேர் உண்டு: படங்களைக் குறிக்கும் பிக்ஸ் என்ற குறுக்கம் 1932 வாக்கிலேயே வெரைட்டி என்ற திரைத்தொழில் இதழின் தலைப்புகளில் வந்துவிட்டது. செய்தித்தாள்காரர்களின் கொச்சையோடு எலிமென்ட் என்பதன் தலைத்துண்டு ஒட்டிக்கொண்டது. பெற்றவர் பெயர் தெரியாமல் வேலையிடத்துப் பேச்சில் பிறந்த சொல் இது. எந்தக் குழுவும் கூடி வகுத்ததில்லை.

1965 ஜூலையில் அதே ஆய்வகத்தில் நடந்த ஒன்று இச்சொல்லின் பிற்கால வாழ்வை விளக்குவதால் சற்று நின்று பார்க்கலாம். மாரினர் 4 செவ்வாயைக் கடந்து போகையில் எடுத்த படங்கள் ஒவ்வொன்றிலும் 200 வரிகள், வரிக்கு 200 புள்ளிகள். புள்ளி ஒன்றின் வெளிச்சத்தை 64 படிகளில் ஒன்றாகச் சொல்ல 6 பிட் வேண்டும். ஆக ஒரு படத்துக்கு 2,40,000 பிட். நொடிக்கு 8⅓ பிட் வீதம் வந்ததால் ஒரு படம் வந்து சேர 8 மணி நேரம் ஆயிற்று. கணினி அதைப் படமாக்கித் தரும்வரை பொறியாளர்களுக்குப் பொறுமை இல்லை. எண்கள் அச்சான தாள் பட்டைகளை ஒரு பலகையில் பக்கம் பக்கமாகப் பிணைத்து, எண்ணுக்கு ஒரு நிறம் என்று வகுத்துக்கொண்டு, வண்ணக் கட்டியால் கையாலேயே தீட்டினார்கள். செவ்வாயின் விளிம்பு பழுப்பிலும் மஞ்சளிலும் மெல்ல எழுந்தது. விண்ணிலிருந்து வந்தவை வெறும் எண்கள். அவற்றுக்கு அகலமும் உயரமும் கிடையாது. தீட்டிய கை ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சிறு கட்டத்தைக் கொடுத்தது. நாம் இன்று பிக்சல் என்றதும் கண்முன் கொண்டுவரும் கட்டம் அதுதான்.

இனிப் பரவல். ஆங்கிலத்துக்குள்ளேயே பிக்சலுக்கு ஒரு போட்டி இருந்தது: எம்ஐடியின் வில்லியம் ஷ்ரைபர் 1967 இல் பெல் என்று எழுதினார், ஐபிஎம் வட்டாரத்தில் அது நெடுநாள் நிலைத்தது. வெளியே, போலிஷ் மொழி பிக்செல் என்று ஒலிப்படி எழுதிக்கொண்டது. ஃபின்னிஷ் தன் இயல்புக்கேற்ப ஈற்றில் ஓர் இகரம் சேர்த்துப் பிக்செலி ஆக்கியதோடு, படப்புள்ளி என்று பொருள்படும் குவபிஸ்தே என்பதையும் வைத்துக்கொண்டது. ஹங்கேரியில் கேப்பொன்ட், அதுவும் படப்புள்ளிதான். சீனத்தில் ஷியாங்சு, ஜப்பானியத்தில் காசோ; இரண்டும் படக்கூறு. ஜப்பானியர் கேமராவின் திறனைச் சொல்லக் காசோவையும் கணினித் திரையைப் பற்றிப் பேசப் பிகுசெருவையும் எடுக்கிறார்கள். கடன் சொல்லும் சொந்தச் சொல்லும் சண்டையிடாமல் வேலையைப் பங்கிட்டுக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சீனத்தில் இன்னொன்றும் நடந்தது. ஆங்கிலத்தில் வெட்டியெடுத்த அந்த எல், பின்னொட்டாகவே வளர்ந்து கனவுருவின் கூறுக்கு வாக்செல் என்றும் மேற்பரப்பு இழைவின் கூறுக்கு டெக்செல் என்றும் பிள்ளைகளைப் பெற்றது. சீனம் தன் சு என்ற அசையைக் கொண்டே அந்தக் குடும்பம் முழுவதையும் கட்டிவிட்டது. தமிழில் பிக்சல் என்று மட்டும் வாங்கினால் இந்த வாய்ப்பு இல்லை. பிக்சலில் எது படம், எது கூறு என்று தமிழ்க் காதுக்குப் பிரிபடாது.

அப்படியானால் புள்ளியா, கூறா, அணுவா? படவணு அழகான சொல். ஆனால் நம் திரையில் ஒரு பிக்சல் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஒளித்துண்டுகளாகப் பிரிந்து நிற்கிறது. பிரிக்க இயலாதது என்ற பழைய பொருள் அணுவை இன்னும் விடவில்லை. கூறு என்றால் இடத்தை அடைக்கும் துண்டு என்றாகிவிடும். 1995 இல் கணினி வரைகலை வல்லுநர் ஆல்வி ரே ஸ்மித் எழுதிய குறிப்பு ஒன்று பிக்சல் சிறு சதுரம் அன்று எனத் தலைப்பிலேயே அடித்துச் சொன்னது. அது ஓரிடத்தில் எடுத்த அளவு. படம் என்பது அந்த அளவுகளுக்கு இடையே உள்ளதை மீட்டு நிரப்புவதில் இருக்கிறது. 1957 இல் ஒரு குழந்தையின் ஒளிப்படத்தை 176க்கு 176 ஆகக் கணினியில் ஏற்றிய ரஸல் கிர்ஷும் பிற்காலத்தில் சதுரத்தை விட்டு வேறு வடிவங்களைத் தேடினார். சிக்குக்கோலம் போடுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலில் இடைவெளி பிசகாமல் புள்ளி வைக்கிறோம், பிறகு கோடு அவற்றைச் சுற்றி வளைந்து போகிறது. புள்ளி கோலத்துக்கு இடம் சொல்கிறது; கோலத்தின் துண்டாக நிற்பதில்லை. கோட்டைத் தீர்மானிக்கும் விதி இரண்டிலும் வேறு என்றாலும், புள்ளிக்கு உள்ள இந்த நிலை ஒன்றே. அதனால் படப்புள்ளி என்பதே என் தேர்வு.

பிக்சலைத் துரத்த வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைக்குக் கைபேசியில் வந்த சிறு படத்தைக் கொண்டுபோய்ப் பத்தடிக்குக் கேட்டுப் பாருங்கள். “பெருசு பண்ணா பிக்சல் உடைஞ்சிடும்ணே” என்பார் அங்கே இருக்கும் தம்பி. உண்மையில் எதுவும் உடைவதில்லை. இருக்கிற அதே எண்கள் அகன்ற பரப்பில் விரிந்து கட்டமாகத் தெரிகின்றன. ஆயினும் கடன் சொல்லோடு உடை என்ற தமிழ் வினையைச் சேர்த்து, கண் காண்பதை அப்படியே சொல்லிவிட்டது கடைத்தெரு. அங்கேயும் கேமரா விலைப்பட்டியலிலும் பிக்சல் இருக்கட்டும். பாடநூலுக்கு மட்டும் படப்புள்ளி வேண்டும், அதன் வழியில் வாக்செலுக்குப் பருமப்புள்ளி வேண்டும். சிடி ஸ்கேனின் ஒரு குறுக்குவெட்டுப் படத்தில் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் பின்னால் அந்த வெட்டின் தடிமன் அளவுக்கு உடலின் தசையோ எலும்போ இருக்கிறது. அதன் அளவைத் தாங்குவது பருமப்புள்ளி என்றால், முதலாண்டு மாணவர் இரண்டுக்கும் உள்ள உறவைச் சொல்லிலேயே படித்துவிடுவார்.