செலெக்டின்

அழற்சியின்போது குருதியோட்டத்தில் விரையும் வெண்குருதிக் கலங்களை (இலங்கையின் கல்முனைப் பள்ளிகளின் உயிரியல் பாடத்தில் ‘கலம்’ எனப்படுவதே தமிழ்நாட்டாரின் ‘செல்’) மெல்லப் பற்றி, வேகம் தணித்து, குழாய்ச் சுவரோரம் உருளச் செய்யும் புரதங்கள் செலெக்டின் எனப்படும். இப்பெயர் லெக்டின் என்பதன் வழிவந்தது. லெக்டின் என்பதோ, தேர்ந்தெடுத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து 1954இல் வில்லியம் பாய்ட் ஆக்கியது. சர்க்கரை மூலக்கூறுகளைத் தெரிந்து பற்றுவதே இவ்வினப் புரதங்களின் இயல்பு. 1888இல் ஸ்டில்மார்க் ஆராய்ந்த ஆமணக்கு வித்தின் நச்சுப்புரதம் செங்குருதிக் கலங்களைத் திரட்டியதும் இவ்வாறே. பொன் நிறுத்த குன்றிமணியின் நஞ்சும் இந்தக் குடும்பத்ததே.

தமிழின் ‘அழற்சி’ அழலிலிருந்து பிறந்தது; அதற்கீடான இலத்தீன் சொல்லிலும் நெருப்பே உறைகிறது. திசுவில் அந்த அழல் மூண்டதும் அருகிலுள்ள குருதிக்குழாயின் உட்சுவரில் செலெக்டின்கள் தோன்ற, வெண்குருதிக் கலத்தின் மேற்பரப்பிலுள்ள, சர்க்கரை தாங்கிய புரதங்கள் அவற்றில் ஒட்டியும் விடுபட்டும் வர, கலம் உருள்கிறது. பிறகு இன்டெக்ரின் என்னும் வேறு புரதங்கள் இறுகப் பிடிக்க, கலம் சுவரைக் கடந்து திசுவுக்குள் நுழைகிறது.

செலெக்டின் பற்றும் சர்க்கரைத் தொடரில் ஃபியூகோஸ் என்னும் சர்க்கரை இன்றியமையாதது. 1952இல் பெண்டேயும் உடனாய்வாளரும் அறிவித்த ‘பம்பாய்’ குருதி வகையினரின் செங்குருதிக் கலங்களில் இச்சர்க்கரை உரிய இடத்தில் இராது. ஆயினும் அவர்கள் நலமாகவே வாழ்வர். ஆனால் 1992இல் விவரிக்கப்பட்ட ஓர் அரிய பிறவிக் குறைபாட்டில் ஃபியூகோஸ் சேர்க்கையே உடலெங்கும் குன்றுவதால், அந்நோயாளர் பம்பாய் வகையினராக இருப்பதோடு, அவர்களுடைய வெண்குருதிக் கலங்களும் உருள முடியாமல் குருதியிலேயே பெருகி நிற்க, தொற்று கண்ட இடத்தில் சீழ்கூடப் பிடிப்பதில்லை.