யானைத்தீயும் ஒருபொழுதும்

மணிமேகலைக் காப்பியத்தின் காயசண்டிகை ஒரு முனிவனின் நாவற்கனியைக் காலால் சிதைத்துவிடுகிறாள். அவன் சாபத்தால் எதைத் தின்றும் அடங்காத பசியோடு பன்னிரண்டு ஆண்டுகள் தவிக்கிறாள். காவிரிப்பூம்பட்டினத்தில்தான் அவள் பசி தீர்கிறது. நோய்க்குப் பெயர் யானைத்தீ. கிரேக்கர்கள் இத்தகைய பசியை 'மாட்டுப் பசி' என்றார்கள். புலிமியா என்பது அந்தச் சொல்தான். உறையூரில் ஆண்ட கோப்பெருஞ்சோழனோ வடக்கிருந்து, உண்ணாமலே உயிர் விட்டான். ஆண் உண்ணாதிருந்தால் மானம், பெண் அடங்காமல் உண்டால் சாபம்.

அனோரெக்சியா நெர்வோசா என்று லண்டனில் வில்லியம் கல் பெயரிட்டது 1873-இல். புலிமியா நெர்வோசாவை ஜெரால்ட் ரஸ்ஸல் தனியாக விவரித்தது 1979-இல். முன்னதற்குப் 'பசியின்மை' என்று பொருள், ஆனால் அது பசியின்மை அல்ல. பசியை உடலோடு போராடி அடக்குவது. எடை சரிகிறது, மாதவிலக்கு நிற்கிறது, எலும்பு தேய்கிறது, நாடித்துடிப்பு குறைகிறது. புலிமியாவில் அள்ளித் தின்பதும், பிறகு ரகசியமாக வாந்தி எடுப்பதும் அல்லது பேதி மருந்து விழுங்குவதும் மாறி மாறி நடக்கின்றன. பல்லின் எனாமல் அரிக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயம் தடம் புரளலாம். எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியும், மற்றது தெரியாது. இரண்டும் கொல்லும்.

தஞ்சை அக்கிரகாரங்களில் தலை மழித்த விதவைக்கு ஒருபொழுதுதான் சோறு. அது நோய் அல்ல, விதிக்கப்பட்ட தண்டனை. ஆனால் குறைவாக உண்ணும் பெண்ணே நல்ல பெண் என்கிற இலக்கணத்தை அது சாதி தாண்டியும் விட்டுச் சென்றது என்பதே என் வாதம். இன்றும் தட்டைத் தள்ளிவைக்கும் பெண்ணைப் பார்த்து, "கொறிக்கத்தான் செய்வா, அடக்கமான பொண்ணு" என்கிறோம். தின்றுவிட்டுக் கொல்லைப்புறம் போகிறவளைப் பற்றி, "நல்லாத்தானே சாப்பிடுறா, அவளுக்கென்ன?" என்கிறோம். முதல் நோயைப் பாராட்டு மறைக்கிறது, இரண்டாவதை எடை மறைக்கிறது.

தோழர்கள் கேட்கலாம்: "கூலி நெல்லுக்காகப் போராடினவங்கள எரிச்ச மண்ணுல இந்தப் பணக்கார வியாதியப் பத்திப் பேசணுமா?" 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதை மறந்து இங்கே பசியைப் பற்றி ஒரு வரியும் எழுத முடியாது. அந்தப் பசி நோயல்ல. கூலி கிடைத்தால் தீரும். பானையில் சோறு இருந்தும் கை போகாத உடல் வேறு. அது வர்க்கம் பார்த்தும் வருவதில்லை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது இரண்டுக்கும் துரோகம்.

காயசண்டிகைக்கு அமுதசுரபியின் ஒரு பிடிச் சோறு போதுமாக இருந்தது. அன்னதானத்தில் பெருமை கொள்ளும் நம் ஊரும் அப்படித்தான் நினைக்கிறது: "ரெண்டு வாய் ஊட்டிவிட்டா சரியாப் போயிடும்." நெடுநாள் பட்டினி கிடந்த உடலில் திடீரென்று சோற்றைக் கொட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் நின்றுபோகவும் கூடும். அளந்து, மெதுவாக, மருத்துவர் கண்காணிப்பில்தான் ஊட்ட வேண்டும். கூடவே மனநல சிகிச்சையும் வேண்டும். அதற்கும் முன்பாக, அவள் உண்ணாமையைக் கற்பென்றும் உண்பதைக் காணாததுபோலும் பார்க்கும் நம் கண் மாற வேண்டும்.