மகமையும் சர்வகலாசாலையும்
ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் அவர்களின் தர்மம்

வியாபார வருவாயில் ஒரு பங்கை மகமை என்று பேரேட்டில் தனியே பற்றெழுதி, அதைத் தர்மத்துக்கென்றே வைப்பது நம் நகரத்தார் முன்னோரின் வழக்கம். அத்தொகை பெரும்பாலும் கோயில் திருப்பணிகளுக்கும், வேத பாடசாலைகளுக்கும், அன்ன சத்திரங்களுக்கும் சென்றது. அந்த நல்வழக்கத்தை உயர்தரக் கல்வியின் பக்கம் பெருமளவில் திருப்பிய பெருமை ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் அவர்களையே சாரும்.

அன்னார் 1881ம் வருஷம் செப்டம்பர் மாதம் 30ந் தேதி, கானாடுகாத்தானில் ஸ்ரீமான் முத்தையா செட்டியார் அவர்களின் குமாரராய் அவதரித்தார்கள். பர்மா, இலங்கை, மலேயா முதலிய தேசங்களில் நடந்துவந்த குடும்ப லேவாதேவியை விருத்தி செய்தார்கள். 1921ம் வருஷத்தில் மூன்று மாகாண பாங்குகள் ஒன்றுசேர்ந்து இம்பீரியல் பாங்கு ஆனபோது, அதன் கவர்னர்களுள் ஒருவராய் அமர்ந்தார்கள். 1929ல் செட்டிநாடு பாங்கை ஸ்தாபித்தார்கள்.

முதல் கெடாமல் வருவாய் பெருகவேண்டும் என்பது பாங்கரின் முதற்பாடம். அன்னார் தம் கொடையிலும் இதையே கைக்கொண்டார்கள் எனலாம். 1920ல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கலாசாலையைத் தொடங்கினார்கள். பின்னர் அவ்வூரில் அன்னார் நிறுவிய தமிழ்க் கல்லூரிக்கு 1924ல் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்கள் தலைவராய் வந்தார்கள். இந்நிறுவனங்களோடு ரொக்கம் 20 லக்ஷம் ரூபாயும் சேர்த்து அளித்ததன் பயனாக, 1928ம் வருஷத்துச் சட்டப்படி 1929ல் அண்ணாமலைச் சர்வகலாசாலை உதயமாயிற்று. மாணவர் அங்கேயே தங்கிப் பயிலும் ஏற்பாட்டோடு அமைந்த அச்சபையில், 1931ல் இலங்கைக் காரைதீவைச் சேர்ந்த விபுலாநந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியரானார்கள். 1941 ஆகஸ்டில் முதல் தமிழிசை மகாநாடும் அங்கேதான் கூடியது.

இனி, நம்மவர் முதலின் மற்றொரு பக்கத்தையும் நோக்குவோம். 1930க்குப் பின் நெல்விலை வீழ்ந்தது. கடன் தீர்க்கவியலாத பர்மியக் குடியானவர்களின் நிலங்கள் நம்மவர் வசம் வந்தன. கீழ்ப் பர்மாவின் பிரதான நெல் ஜில்லாக்களில் ஏறக்குறையக் கால் பங்கு சாகுபடி நிலம் இவ்வாறு சேர்ந்தது. நிலமிழந்தோரின் மனக்கசப்பும் கூடவே சேர்ந்தது. 1942ல் ஜப்பானியர் படையெடுத்தபோது அநேகர் போட்டது போட்டபடி ஊர் திரும்பினர். பின்பு பர்மா சுதந்தரமடைந்ததும் நிலங்கள் தேசவுடைமையாயின. கடல் கடந்து வைத்த முதல் பெரும்பாலும் போயிற்று. சிதம்பரத்தில் கல்விக்கு வைத்த முதலோ நின்றது. ராஜா அவர்கள் 1948ம் வருஷம் ஜூன் 15ந் தேதி சிவபதமடைந்த பின்னும், அது பல தலைமுறைகளைப் படிக்கவைத்தது.

ஆயினும் தர்மத்தின் முதல் தானே காத்துக்கொள்ளும் என்று எண்ணலாகாது. 2012ம் வருஷத்தில் அச்சர்வகலாசாலை பெரும் பண நெருக்கடிக்குள்ளாயிற்று. தேவைக்கு மிஞ்சிய சிப்பந்திகளின் சம்பளப் பளுவும் அதற்கு ஒரு காரணமென்று சொல்லப்பட்டது. 2013ல் அரசினர் நிர்வாகியை நியமித்துப் புதுச் சட்டமும் இயற்றி, அதனைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டனர். ஸ்தாபகர் குடும்பத்தின் கையிலிருந்த அதிகாரம் அத்துடன் முடிந்தது. ஆனால் அங்கே பாடம் நிற்கவில்லை. ஏழை மாணவனுக்குக் கதவு அடைபடவுமில்லை. தர்மம் செய்தவர் பெயருக்கன்று, படிப்பவர் பயனுக்கே என்று கொள்வோமாயின், இதை இழப்பென்று மாத்திரம் எண்ண இடமில்லை.

நம் சங்கத்தார் இதனின்று அறியத்தக்கது ஒன்றுண்டு. தர்மத்துக்குப் பணம் ஒதுக்குவது முதற்படி. அதன் வரவுசெலவை வருஷந்தோறும், தம் பெட்டியடிக் கணக்கைப் பார்ப்பதுபோலவே, உற்றுப் பார்ப்பது இரண்டாம் படி. முதற்படியைப் பெரியோர் ஏறிக் காட்டிவிட்டார்கள். இரண்டாவது, பின்வந்த நம் ஒவ்வொருவர் கடமையாகும்.