நோயாளிகளுக்காகப் போட்ட சாலை

பிரான்ஸின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் எல்லையை ஒட்டி நீள்கிறது பிரனே மலைத்தொடர். அதன் வடக்குச் சரிவில் பிறக்கும் அதூர் ஆறு, காம்பான் பள்ளத்தாக்கின் புல்வெளிகளுக்கு நடுவே இறங்கி, பான்யேர் த பிகோர் என்ற ஊற்றுநீர்க் குளியல் நகரத்தைத் தொட்டுக்கொண்டு சமவெளிக்குப் போகிறது. ஆற்றோரமாகவே மேலே ஏறினால் சேந்த் மாரி த காம்பான் என்ற சிற்றூர் வரும். அங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கிழக்கே ஆஸ்பேன் கணவாய்க்கும், மற்றொன்று தென்மேற்கே டூர்மலே கணவாய்க்கும் ஏறுகிறது. டூர்மலே போகிறவர் 17 கிலோமீட்டர் தூரத்துக்குள் 1,268 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். கணவாயின் உச்சி 2,115 மீட்டர்.

டூர் த ஃபிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயம் இந்தக் கணவாயை எண்பது முறைக்கு மேல் கடந்திருக்கிறது. உலகெங்கும் உள்ள மிதிவண்டிப் பித்தர்கள் ஒருமுறையாவது இங்கே வந்து மிதித்துவிட வேண்டும் என்று ஏங்குகிறார்கள். ஆனால் சாலை போட்டவர்கள் மிதிவண்டியை நினைத்துப் போடவில்லை. அவர்கள் நினைத்ததெல்லாம் மூட்டுவலிக்காரர்களையும் ஆறாத புண்ணோடு வந்த சிப்பாய்களையும்தான்.

டூர்மலேவுக்கு மேற்கே, மலையின் மறுபக்கத்தில் பாரேஜ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஊறும் கந்தக வெந்நீர் காயத்தையும் எலும்பு நோயையும் ஆற்றும் என்று பேர்போனது. 1675-இல் பதினான்காம் லூயி மன்னரின் மகன் மேன் கோமகனை அங்கே கூட்டிவந்தார்கள். கால் ஊனமான சிறுவன் அவன். உடன் வந்த செவிலித்தாய் பிற்பாடு மன்னரையே ரகசியமாக மணந்த மேடம் த மேந்தெனோன். லூர்து பக்கமிருந்து பாரேஜுக்குப் போகும் ஆற்றிடுக்கில் அன்று வண்டி ஓடும் வழி கிடையாது. அதனால் காம்பான் பக்கமாகச் சுற்றி, டூர்மலேவைத் தாண்டியே போனார்கள். ராஜா வீட்டுப் பிள்ளை வந்துபோன பிறகு ஊருக்கு மவுசு கூடியது. அடுத்த நூற்றாண்டில் காயம்பட்ட படைவீரர்களுக்கு அங்கே மருத்துவமனையும் வந்தது.

சாலை என்று சொல்லத்தக்க ஒன்று வந்தது மூன்றாம் நெப்போலியன் காலத்தில். 1859 கோடையில் பேரரசரும் பேரரசி யூஜெனியும் பாரேஜுக்குக் கீழே இருக்கும் சேன் சொவேரில் வந்து தங்கினார்கள். பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. மேற்கே ஓ போன் முதல் கிழக்கே லூஷோன் வரை, ஒரு குளியல் ஊரிலிருந்து அடுத்த குளியல் ஊருக்குக் குதிரை வண்டியில் போகும்படி 1860-களில் பாதை நீண்டது. ஓபிஸ்க், டூர்மலே, ஆஸ்பேன், பெய்ரசூர்த் என நான்கு கணவாய்களும் ஒரே கோர்வையில் வந்தன. 'ரூத் தெர்மால்', அதாவது வெந்நீரூற்றுச் சாலை என்றே அதற்குப் பெயர். காற்று மாற்றவும் தண்ணீர் மாற்றவும் வந்த பணக்கார நோயாளிகள் வண்டியில் சாய்ந்தபடி மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள்.

மிதிவண்டி இங்கே பேர் வாங்கியது டூர் த ஃபிரான்ஸால்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பந்தயம் பிறப்பதற்கு ஓராண்டு முன்பே, 1902 ஆகஸ்டில், பிரெஞ்சுச் சுற்றுலாக் கழகம் டூர்மலேவில் ஒரு சோதனை ஓட்டம் வைத்தது. சோதனை ஆட்களுக்கு அல்ல, வண்டிகளுக்கு. சாதாரணப் பயணி ஓட்டும் மிதிவண்டிக்குக் கியர் தேவையா, எந்தக் கியர் நல்லது என்று பார்ப்பதே நோக்கம். அதில் மார்த் எஸ் என்ற பெண் மூன்று கியர் வைத்த வண்டியில் வந்தார். வழி நெடுகக் கீழே கால் ஊன்றவேயில்லை என்று கியர் கட்சிக்காரர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். அந்தக் கட்சிக்குத் தலைவர் சேன் எத்தியேன் நகரத்தில் பத்திரிகை நடத்திய போல் த விவி. வெலோசியோ என்பது அவர் புனைபெயர்.

எதிர்க்கட்சியின் தலைவர் ஆன்ரி தெக்ரான்ஜ். 'லோத்தோ' இதழின் ஆசிரியரான அவர்தான் 1903-இல் டூர் த ஃபிரான்ஸைத் தொடங்கியவர். கியரெல்லாம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குத்தான், வாலிபர்கள் தசையால் ஜெயிக்க வேண்டும் என்பது அவர் வாதம். தன் பந்தயத்தில் கியர் மாற்றியை அவர் கடைசிவரை சேர்க்கவில்லை. இந்தச் சாலையில் பின்னால் நடந்த வீரக்கதைகளில் பாதி, மலை செய்த வேலை அல்ல. தெக்ரான்ஜ் போட்ட விதிகள் செய்த வேலை.

பிரனே மலைக்குப் பந்தயத்தைக் கொண்டுவர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவரிடம் வேலை பார்த்த ஆல்ஃபோன்ஸ் ஸ்டெய்னேஸ். 1910 பந்தயத்துக்கு முன் வழி பார்க்கக் காரில் வந்தார். சேந்த் மாரி தாண்டி ஏறியதும் பனி வழியை மறித்தது. ஓட்டுநர் இதற்கு மேல் முடியாது என்று நின்றுவிட, ஸ்டெய்னேஸ் இருட்டில் நடந்தே கணவாயைக் கடந்தார். வழி தவறி, பனியில் சறுக்கி விழுந்து, தேடி வந்தவர்கள் கையில் சிக்கி, பின்னிரவில் பாரேஜ் வந்து சேர்ந்தார். மறுநாள் அவர் முதலாளிக்கு அடித்த தந்தி, டூர்மலேவைக் கடந்தாயிற்று, சாலை மிக நன்று, தாராளமாகப் போகலாம் என்றது! பத்திரிகை வரலாற்றில் இத்தனை நெஞ்சழுத்தமான பொய் குறைவு.

1910 ஜூலை 21. லூஷோனிலிருந்து பையோன் வரை 326 கிலோமீட்டர். விடிவதற்கு முன்பே கிளம்பினார்கள். பாதை, அதே வெந்நீரூற்றுச் சாலை. நான்கு கணவாய்களும் அதே நான்கு. டூர்மலேவின் இருபக்கத் தண்ணீரும் கடைசியில் அதூரில் கூடி பையோன் வழியாகவே கடலுக்குப் போகிறது. வீரர்கள் போனதும் அங்கேதான், நடுவே இன்னும் ஒரு மலை ஏறி. ஒற்றைக் கியர் வண்டி, கல்லும் புழுதியுமான சாலை, தோளில் குறுக்காக மாட்டிய உதிரி டயர். வேறு பல்சக்கரம் வேண்டுமென்றால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும்.

டூர்மலே உச்சியை முதலில் தொட்டவர் ஒக்தாவ் லாப்பீஸ். ஆனால் அவர் பல இடங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். இறங்காமல் மிதித்து ஏறியவர் கூஸ்தாவ் காரிகூ. அதற்காக நூறு ஃபிராங்க் பரிசு வாங்கினார். அடுத்து ஓபிஸ்கில் சுருண்டு போன லாப்பீஸ், அங்கே நின்ற அமைப்பாளர்களைப் பார்த்துக் 'கொலைகாரர்கள்' என்று கத்தினார். திட்டு வாங்கவேண்டிய தெக்ரான்ஜ் ஊரில் இல்லை. உடம்பு சரியில்லை என்று பொறுப்பை உதவியாளர்களிடம் விட்டுப் போயிருந்தார். பதினான்கு மணி நேரத்துக்கு மேல் மிதித்து அந்தக் கட்டத்தையும், பிறகு அந்த ஆண்டுப் பந்தயத்தையும் லாப்பீஸே வென்றார். ஏழாண்டு கழித்து, முதல் உலகப்போரில் போர் விமானியாக இருந்தபோது சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார்.

1910 பந்தயத்துக்கு மூன்றாண்டு கழித்துச் சேந்த் மாரிக்கு அதன் கதை கிடைத்தது. 1913-இல் பந்தயம் எதிர்த்திசையில் வந்தது. டூர்மலே இறக்கத்தில் எழேன் கிறிஸ்தோஃப்புக்கு முன் ஃபோர்க் முறிந்தது. விதிப்படி வேறு வண்டி வாங்கக் கூடாது, பிறர் உதவியும் கூடாது. வண்டியைத் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஊருக்குள் வந்து கொல்லுப்பட்டறையைத் தேடிப் பிடித்தார். நல்லவேளை, அவர் பூட்டுத் தொழில் பழகியவர். இரும்பு வேலை கைவசம் இருந்தது. கொல்லர் ஒதுங்கி நின்றார். கிறிஸ்தோஃப் இரும்பைக் காய்ச்சி, அடித்து, ஃபோர்க்கை ஒட்டவைத்தார். பந்தய அதிகாரிகள் சுற்றி நின்று கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தார்கள். இரண்டு கையிலும் வேலை; துருத்தி ஊத ஆள் வேண்டுமே? ஒரு சிறுவன் ஊதினான். அது பிறர் உதவி என்று பத்து நிமிடத் தண்டனை எழுதினார்கள். பிறகு மூன்றாகக் குறைத்தார்கள். அந்த ஆண்டு முதல் வெற்றியைப் புள்ளிக்குப் பதிலாக நேரத்தை வைத்து முடிவு செய்தார்கள். அதனால் போன நான்கு மணி நேரம் போனதுதான். கிறிஸ்தோஃப் ஏழாவதாக முடித்தார். பெல்ஜியத்தின் பிலிப் தீஸ் வென்றார்.

தெக்ரான்ஜ் உடல் நலிந்து 1936-இல் விலகினார். மறு ஆண்டே டூர் த ஃபிரான்ஸில் கியர் மாற்றிக்கு அனுமதி கிடைத்தது. வெலோசியோ அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1930-இல் போய்விட்டார்.

இன்று சாலை வழுவழுவென்ற தார்ச்சாலை. அடுத்த கிலோமீட்டர் எத்தனை சதவீதம் ஏறும் என்று வழியெங்கும் பலகை நட்டிருக்கிறார்கள். பனிக்காலத்தில் கணவாய் மூடிக்கிடக்கும். கோடை தொடங்கும்போது, திணறி மிதிக்கும் லாப்பீஸின் பெரிய உலோகச் சிலையை வண்டியில் ஏற்றி, மிதிவண்டிக்காரர்கள் கூட்டமாகப் பின்தொடர்ந்து உச்சிக்குக் கொண்டுபோகிறார்கள். குளிர் வருமுன் இறக்கிவிடுகிறார்கள். கிறிஸ்தோஃப்புக்குச் சேந்த் மாரியிலேயே சிலை உண்டு.

மார்த் எஸ் பெயரைச் சொல்கிறவர்கள் குறைவு. பெண்களின் டூர் த ஃபிரான்ஸ் டூர்மலே உச்சியில் ஒரு கட்டத்தை முடித்தது 2023 ஜூலை 29 அன்று. ஆஸ்பேனை ஏறி, சேந்த் மாரிக்கு இறங்கி, அதே 17 கிலோமீட்டர். மூடுபனிக்குள் நெதர்லாந்தின் டெமி வொல்லரிங் தனியாக ஏறி வந்தார். அடுத்தவர் வந்து சேர ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆயிற்று.