கையின் பலமும் நோயின் குறியும்



பீடோர் வட்டாரத்துத் தோட்டங்களில் அன்று பால்மரம் சீவியவர்களுக்கும், இன்று செம்பனைக் குலை அறுப்பவர்களுக்கும் கைதான் மூலதனம். அந்தக் கையை நீட்டச் சொல்லி, அழுத்திப் பார்த்து நோயைக் கண்டறிவதைத் தசைச் சோதனை என்பார்கள். இந்த ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு முறைகள் இருக்கின்றன. இரண்டும் பிறந்த கதையை அறிந்தால், எதை நம்பலாம் என்பது விளங்கும்.

முதல் முறை இளம்பிள்ளை வாதத்தை ஒட்டி வளர்ந்தது. 1910களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ராபர்ட் லவெட்டும், அவருடன் பணியாற்றிய வில்ஹெல்மின் ரைட் அம்மையாரும், வாதம் கண்ட பிள்ளைகளின் தசைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பலத்தைக் குறித்துவைத்தார்கள். எந்தத் தசை செயலிழந்தது, எது தப்பியது என்று கண்ட பிறகே பயிற்சி அளித்தார்கள்.

தமிழ்நாட்டில் இச்சோதனை தொழுநோயாளிகளுக்குக் கைகொடுத்தது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். மறு ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தில், விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து இறுகப் பிடிக்கச் சொன்னார். அவர் பிடித்த பிடியில் டாக்டருக்கே வலித்தது! மடங்கிய கையிலும் பலம் மிச்சமிருந்தது. பலரைச் சோதித்தபோது, குறிப்பிட்ட சில நரம்புகள் இயக்கும் தசைகளே செயலிழந்திருந்தன; முன்கையில் நல்ல தசைகள் எஞ்சியிருந்தன. அவற்றின் நாரை விரலோடு இணைத்து, முடங்கிய கைகளை மீண்டும் வேலை செய்யவைத்தார்.

இரண்டாவது முறையை 1964இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், முதுகெலும்பைப் பிடித்துச் சீராக்கும் வைத்தியரான ஜார்ஜ் குட்ஹார்ட் தொடங்கினார். நாளடைவில், ஓர் உணவை நாவில் வைத்தோ கையில் கொடுத்தோ, நீட்டிய கையை அழுத்துவது வழக்கமாயிற்று. கை தாழ்ந்தால் அந்த உணவு ஆகாதாம், உள்ளுறுப்பில் கோளாறாம். 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அனுபவமுள்ள மூவர் 11 பேரை இப்படிச் சோதித்து, உடலில் எந்தச் சத்து குறைவு என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னது குருட்டு ஊகத்தைவிட மேலாக இல்லை. அழுத்துபவரின் எதிர்பார்ப்பும் நீட்டுபவரின் நம்பிக்கையும், அவர்கள் அறியாமலே கையின் பலத்தை மாற்றிவிடும்.

தசை தன் நிலையையும் தன் நரம்பின் நிலையையும் சொல்லும்; ஈரலைப் பற்றியும் உணவைப் பற்றியும் அதற்குத் தெரியாது.

நம் நாட்டில் 1930இல் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. இன்று தொழுநோயை மாத்திரையால் குணமாக்கலாம். ஆனால் காலம் தாழ்த்தினால் நரம்பு கெட்டுவிடும். தோலில் உணர்ச்சியற்ற தேமல், சுண்டுவிரலை விரிக்க முடியாமை, கட்டைவிரலை மேல்நோக்கித் தூக்க முடியாமை, கண்ணை இறுக மூட முடியாமை, பாதம் தொங்குதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் கையை அழுத்திக் குறி சொல்பவரிடம் நாளைக் கடத்தாதீர்கள். அரசாங்கக் கிளினிக்குக்கு உடனே செல்லுங்கள். உழைத்த கையைக் காப்பது நம் கடமை.