லீக் உதைபந்தாட்டத்தைப் பின்தொடர்வதும் கணிப்பதும்: கரவனெல்லயிலிருந்து ஒரு வழிகாட்டி

ஹட்டன் வீதியும் கேகாலை வீதியும் சந்திக்கும் இடம் கரவனெல்ல. சுற்றிவர இறப்பர் தோட்டங்கள். ஒரு சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு இங்குள்ள லயன் அறை ஒன்றில் நான்கைந்து இளைஞர்கள் ஒரே கைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். திரையில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக். இடையிடையே வட்ஸ்அப் குழுவில் செய்திகள் வந்து விழுந்தன. "மச்சான், இண்டைக்கு 2-1" என்று கிளிநொச்சியிலிருந்து ஒருவர். "இல்லடா, ட்ரோதான்" என்று லண்டனிலிருந்து இன்னொருவர்.

மூன்று இடத்தில் இருந்தாலும் அவர்கள் ஒரு தாத்தாவின் பேரன்மார். 1977, 1981, 1983 வன்முறைகளில் சப்ரகமுவ தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்ட பல குடும்பங்கள் வன்னிக்குப் போயின. பிறகு போர் அங்கிருந்தும் சிலரைக் கடல் கடக்க வைத்தது. இப்படிச் சிதறிய குடும்பத்துக்கு வாரம் தவறாமல் பேச ஒரு விடயம் கிடைப்பது சின்ன விடயமல்ல.

ஆனால் அதே அறையில் இருந்த ஒருவர் முதல் வாரம் பந்தயச் செயலி ஒன்றில் ஐந்து போட்டிகளை ஒரே சீட்டில் கட்டிப் பணத்தை இழந்திருந்தார். "நாலு சரி. ஒண்ணே ஒண்ணுதான் பிழைச்சுது" என்றார். அடுத்த வாரமும் கட்டப் போவதாகச் சொன்னார். அந்த "ஒண்ணே ஒண்ணு" ஏன் அடிக்கடி வருகிறது, எதைக் கணிக்கலாம், எதைக் கணிக்க முடியாது என்பதை எளிய கணக்கோடு சொல்வதே இந்தக் கட்டுரை.

லீக்கின் அமைப்பு

பிரீமியர் லீக்கில் 20 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற 19 அணிகளுடன் சொந்த மைதானத்தில் ஒரு தடவை, வெளி மைதானத்தில் ஒரு தடவை மோதும். அணிக்கு 38 போட்டிகள், மொத்தம் 380. பருவகாலம் ஓகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடியும். வெற்றிக்கு 3 புள்ளிகள், சமநிலைக்கு 1. இங்கிலாந்தில் 1981 வரை வெற்றிக்கு 2 புள்ளிகள்தான் கொடுக்கப்பட்டன. கடைசி மூன்று இடத்துக்கு வரும் அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும்.

புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம் பார்க்கப்படும். 2011-12 பருவத்தில் மன்செஸ்டர் சிட்டியும் மன்செஸ்டர் யுனைட்டெட்டும் தலா 89 புள்ளிகள் பெற்றன. சிட்டியின் கோல் வித்தியாசம் 64, யுனைட்டெட்டினது 56. கிண்ணம் சிட்டிக்குப் போனது. ஏற்கெனவே வென்றுவிட்ட போட்டியில் கடைசி நிமிடத்தில் அடிக்கும் நாலாவது கோலும் வீண் இல்லை என்பதற்கு அது உதாரணம்.

எத்தனை மணிக்கு

இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிறன்றும் ஒக்டோபர் கடைசி ஞாயிறன்றும் கடிகாரம் மாற்றப்படும். கோடை நேரத்தில் நாம் நாலரை மணித்தியாலம் முன்னால், குளிர்கால நேரத்தில் ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ஆகவே அங்கு பிற்பகல் 12.30க்குத் தொடங்கும் போட்டி இங்கு மாலை 5 மணிக்கு. 3 மணிப் போட்டி இரவு 7.30க்கு, 5.30 போட்டி இரவு 10 மணிக்கு, இரவு 8 மணிப் போட்டி நள்ளிரவு 12.30க்கு. குளிர்காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர்கள் ஏன் சனிக்கிழமை 3 மணிப் போட்டிகளையே அதிகம் பார்க்கிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மைதானத்துக்கு ஆட்கள் வருவது குறையக்கூடாது என்பதற்காக, சனி பிற்பகல் 3 மணிப் போட்டிகளை பிரித்தானியாவுக்குள் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டுவதில்லை. வெளிநாடுகளுக்கு அந்தத் தடை இல்லை. லண்டனில் இருக்கும் மச்சானுக்குக் கிடைக்காத போட்டி கரவனெல்லயில் கிடைக்கிறது.

புள்ளிப் பட்டியலை வாசித்தல்

பருவத்தின் முதல் ஐந்தாறு வாரப் பட்டியலை நம்பி முடிவெடுக்கக் கூடாது. யார் யாருடன் மோதினார்கள் என்பதைப் பார்க்காமல் புள்ளியை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். மூன்று பலவீனமான அணிகளைத் தோற்கடித்து 9 புள்ளி எடுத்த அணியும், பலமான மூன்று அணிகளுடன் மோதி 4 புள்ளி எடுத்த அணியும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு போட்டிகள் முடிந்த பிறகு பட்டியல் பேசத் தொடங்கும். அப்போதும் புள்ளியோடு கோல் வித்தியாசத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கோலால் மட்டும் தொடர்ந்து வெல்லும் அணிக்கு அதிர்ஷ்டமும் துணை நிற்கிறது. அது கடைசி வரை நிற்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது திரையில் "எக்ஸ்ஜி" என்று ஒரு எண் காட்டுகிறார்கள். எதிர்பார்க்கப்பட்ட கோல் என்பது பொருள். ஒரு உதை எந்த இடத்திலிருந்து, எந்த நிலையில் அடிக்கப்பட்டது என்று பார்த்து, அப்படியான உதைகள் முன்பு நூற்றுக்கு எத்தனை கோலாயின என்ற கணக்கு அது. தண்ட உதைக்கு அது ஏறக்குறைய 0.77. தூரத்திலிருந்து அடிக்கும் உதைக்கு 0.05 கூட வராது. 1-0 என்று வென்ற அணியின் எக்ஸ்ஜி 0.4, தோற்ற அணியினது 2.1 என்றால், அடுத்த வாரம் எந்த அணியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கீழ் இறங்காமல் தப்ப 40 புள்ளிகள் வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. அது சட்டமல்ல. 2002-03இல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளிகள் எடுத்தும் இறங்கியது. 2023-24இல் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் 32 புள்ளிகளுடன் தப்பியது. அதுவும் நிதி விதிமீறலுக்காக 4 புள்ளிகள் வெட்டப்பட்ட பிறகு. அதே பருவத்தில் எவர்டனும் புள்ளிகள் வெட்டப்பட்டது. பட்டியல் மைதானத்தில் மட்டும் எழுதப்படுவதில்லை.

ஒரு போட்டியைக் கணித்தல்

உதைபந்தாட்டத்தில் கோல் குறைவாக விழும். 2023-24 பருவத்தில் பிரீமியர் லீக்கில் 1,246 கோல்கள் விழுந்தன. 20 அணிகள் ஆடும் பருவங்களில் அதுவே சாதனை, அப்படியும் போட்டிக்குச் சராசரி 3.28தான். கோல் குறைவான விளையாட்டில் ஒரு தவறு, ஒரு சிவப்பு அட்டை, கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பந்து முடிவை மாற்றிவிடும். கிரிக்கெட்டில் ஒரு பந்து அவ்வளவு செய்யாது.

1982இல் மைக்கல் மாஹர் என்ற புள்ளிவிபரவியலாளர் ஒரு வழியைக் காட்டினார். ஒவ்வொரு அணிக்கும் தாக்கும் பலம், தடுக்கும் பலம் என இரண்டு எண்கள். இவற்றிலிருந்து இன்றைய போட்டியில் யாருக்குச் சராசரியாக எத்தனை கோல் வரும் என்று கணக்கிடலாம். அந்தச் சராசரியிலிருந்து ஒவ்வொரு முடிவுக்கும் உள்ள வாய்ப்பைக் காணலாம். இன்றைய பல கணிப்புகளின் அடித்தளம் இதுதான்.

ஓர் உதாரணம். சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்குச் சராசரி 1.5 கோல், வந்த அணிக்கு 1.2 என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி சொந்த அணி வெல்லும் வாய்ப்பு 44.1 வீதம், சமநிலை 25.5 வீதம், வந்த அணி வெல்ல 30.4 வீதம். மிக அதிக வாய்ப்புள்ள முடிவு 1-1. அதற்கும் வெறும் 12 வீதம்தான். அதாவது, இருப்பவற்றில் மிகச் சிறந்த கணிப்பைச் சொல்பவரும் எட்டுத் தடவையில் ஏழு தடவை பிழைப்பார். சரியான கோல் எண்ணிக்கையைச் சொல்லித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

சொந்த மைதானம் என்பது வெறும் பேச்சல்ல. 2020-21இல் கொரோனா காரணமாகப் பெரும்பாலான போட்டிகள் பார்வையாளர் இல்லாமல் நடந்தன. அந்தப் பருவத்தில் சொந்த அணிகள் 144 போட்டிகளிலும் வந்த அணிகள் 153 போட்டிகளிலும் வென்றன. பிரீமியர் லீக் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

ஒரு பருவத்தைக் கணித்தல்

ஒரு போட்டியில் அதிர்ஷ்டம் பெரிது. 38 போட்டிகளில் அது இரு பக்கமும் விழுந்து பெருமளவு சமப்படும். அதனால்தான் எந்த அணி முதல் ஆறுக்குள் வரும் என்று சொல்வது, இந்தச் சனிக்கிழமை யார் வெல்வார் என்று சொல்வதைவிட எளிது. இறப்பர் தோட்டக்காரருக்கு இது புதிதல்ல. நாளை காலை மழை பெய்து பால் வெட்டு நிற்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எந்த மாதத்தில் வேலைநாள் குறையும் என்று சொல்லிவிடலாம்.

பருவமும் சில தடவை ஏமாற்றும். லெஸ்டர் சிட்டி 2014 நத்தார் நாளில் கடைசி இடத்தில் இருந்தது. அந்தப் பருவத்தை 14ஆம் இடத்தில் முடித்தது. அடுத்த பருவத்தில் அது கிண்ணம் வெல்லும் என்பதற்குப் பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு 5,000 தருவதாக அறிவித்திருந்தார்கள். 2016 மே மாதத்தில் லெஸ்டர் 81 புள்ளிகளுடன் கிண்ணத்தைத் தூக்கியது. இந்தக் கதையைப் பந்தயம் கட்டுபவர்கள் விரும்பிச் சொல்வார்கள். மிச்சக் கதையைச் சொல்ல மாட்டார்கள்: மறு வருடம் அந்த அணி 12ஆம் இடம். 2023இலும் 2025இலும் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

சீட்டின் கணக்கு

இப்போது அந்த ஐந்து போட்டிச் சீட்டுக்கு வருவோம். ஒவ்வொரு போட்டியிலும் அவர் தெரிவு செய்த அணி வெல்ல 60 வீத வாய்ப்பு என்று தாராளமாகவே வைப்போம். ஐந்தும் சரிவர 0.6ஐ ஐந்து தடவை பெருக்க வேண்டும். வருவது 7.8 வீதம். சரியாக ஒன்று மட்டும் பிழைக்கும் வாய்ப்பு 26 வீதம். "ஒண்ணே ஒண்ணுதான் பிழைச்சுது" என்பது நாலு சீட்டில் ஒன்றுக்கு நடக்கும். வெற்றியைவிட மூன்று மடங்கு அதிகமாக நடக்கும். மயிரிழையில் தவறியதுபோலத் தோன்றுவது சீட்டின் இயல்பு. அவருடைய திறமைக்கு அது சாட்சியல்ல.

அடுத்தது விலை. 60 வீத வாய்ப்புக்கு நியாயமான விலை 1.67. செயலி தருவது 1.57 என்று வைப்போம். ஐந்தையும் பெருக்கினால் 1,000 ரூபாய் கட்டி வென்றவருக்கு ஏறக்குறைய 9,540 ரூபாய் கிடைக்கும். நியாயமாகக் கிடைக்க வேண்டியது 12,860. நீண்டகாலச் சராசரியில், கட்டும் ஒவ்வொரு 1,000 ரூபாயிலும் 260 ரூபாய் போய்க்கொண்டே இருக்கும். போட்டிகளைக் கூட்டக் கூட்ட இழப்பும் கூடும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாகவும் ஆனது எத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு என்பது எல்லோருக்கும் தெரியும்.

நம் நாட்டு லீக்

இலங்கையின் தொழில்முறை சூப்பர் லீக் 2021 ஏப்ரலில் 10 அணிகளுடன் தொடங்கியது. களுத்துறையின் புளூ ஸ்டார் கிண்ணம் வென்றது. கொட்டாஞ்சேனையின் ரட்ணம் கழகமும் நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸும் அதில் இருந்தன. டிஃபென்டர்ஸ், சீ ஹோக்ஸ், புளூ ஈகிள்ஸ் என்ற மூன்று பெயர்களுக்குப் பின்னால் இருந்தவை தரைப்படை, கடற்படை, விமானப்படை அணிகள். வடக்கு கிழக்கிலிருந்து ஓர் அணியும் இல்லை. சப்ரகமுவவிலிருந்தும் இல்லை.

2023 ஜனவரி 21இல் பீபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. இடையில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் இலங்கை இல்லை. இப்படி அறுந்து அறுந்து நடக்கும் லீக்கைக் கணிப்பது கடினம். பழைய முடிவுகள் தொடர்ச்சியாக இருந்தால்தான் பலத்தை எண்ணாக்க முடியும். போர்க்காலத்தில் ஆடப்பட்ட வடக்கு கிழக்குப் போட்டிகள் பலவற்றின் பதிவுகள் இன்று ஆடியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. ஆகவே உங்கள் ஊர்க் கழகத்தின் போட்டி முடிவுகளை திகதி, எதிரணி, கோல், அடித்தவர் பெயர் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்து அதன் பெறுமதி தெரியும்.

உள்ளூர்ப் போட்டிகளில் ஆடுபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டப்படி ஆட்ட நிர்ணயம் குற்றம். பந்தயத்துக்காக அணியின் உள் தகவலைக் கொடுப்பதும் குற்றம். ஆட்ட நிர்ணயத்துக்குப் பத்து வருடம் வரை சிறை உண்டு.

காசில்லாமல் கணிக்க

பிரீமியர் லீக்கே நடத்தும் ஃபன்டசி விளையாட்டு இலவசம். 10 கோடி பவுண் கற்பனைப் பணத்தில் 15 வீரர்கள், ஒரு கழகத்திலிருந்து அதிகபட்சம் மூவர். உறவினர்களுக்குள் தனி லீக் அமைத்துக்கொள்ளலாம்.

அதுவும் வேண்டாம் என்றால் வட்ஸ்அப் குழுவே போதும். போட்டி தொடங்குமுன் எழுத வேண்டும். வெற்றி தோல்வி சரியென்றால் 1 புள்ளி, கோல் எண்ணிக்கையும் சரியென்றால் 3. கூடவே எத்தனை வீதம் நம்பிக்கை என்றும் எழுதுங்கள். நத்தார் வரும்போது திருப்பிப் பாருங்கள். "80 வீதம் நிச்சயம்" என்று எழுதியவற்றில் நூற்றுக்கு 80 நடந்திருக்கிறதா? பெரும்பாலானோருக்கு நடந்திருக்காது. எனக்கும் நடக்கவில்லை.

அந்த லயன் அறை இளைஞரிடம் 7.8, 26 என்ற இரண்டு எண்களையும் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நாலு சரியா வந்தது பெரிய விசயமில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கிளிநொச்சியிலிருந்து அடுத்த போட்டிக்கான கணிப்பு வந்திருந்தது. அவர் கைபேசியை எடுத்து, காசு கட்டாமல், 1-1 என்று எழுதினார்.